பட்டாளத்து அறுவை மருத்துவர்

நம் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது? வளர்ந்த ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 5 லிட்டர். நாம் தண்ணீர் பிடிக்கும் குடத்தில் ஊற்றினால் பாதிக் குடம்கூட வராது. தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதுவரை போய்ச் சேர நேரம் இருக்காது.

பட்டாளத்தில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரின் வேலை இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. குண்டு பாய்ந்தவரை, கண்ணிவெடியில் கால் இழந்தவரை அவர் காப்பாற்ற வேண்டும். நேரம் குறைவு. இடம் வசதி இல்லாதது. ரத்தமும் மருந்தும் அளவாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட டாக்டர் எப்படி உருவாகிறார்? அவர் என்ன படிக்கிறார்? நம் ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்த இடத்துக்குப் போக முடியுமா? இவற்றைப் பார்ப்போம்.

முதல் கை

எல்லையில் காவல் இருக்கும் சிப்பாய் ஒருவருக்குக் குண்டடி படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். இன்னொரு சிப்பாய்தான் இருப்பார். அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் நடக்கும்.

ஒவ்வொரு சிப்பாயிடமும் காயத்துக்குக் கட்டும் துணி ஒன்று இருக்கும். கிருமி நீக்கி, உறையில் போட்டு மூடிய துணி அது. அதைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திக் கட்ட வேண்டும். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு மேலே பட்டை போட்டு முறுக்கி இறுக்க வேண்டும். எத்தனை மணிக்கு இறுக்கினோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அதிக நேரம் இறுக்கமாகவே விட்டால் அந்தக் காலே பட்டுப்போகும். சிப்பாய்களில் சிலருக்கு இந்த முதலுதவியில் தனிப் பயிற்சியும் உண்டு.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கும் இது பொருந்தும். ரத்தம் ஓடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதையும் காயத்தில் வைக்கவே கூடாது.

அடிபட்ட சிப்பாயை அடுத்து அந்தப் படைப்பிரிவின் டாக்டரிடம் தூக்கி வருவார்கள். அவர் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர். பாறை மறைவிலோ பதுங்கு குழியிலோ அவருடைய உதவி நிலையம் இருக்கும். அங்கே ஆபரேஷன் செய்ய முடியாது. மூச்சு தடையில்லாமல் போகிறதா என்று பார்ப்பார். வலிக்கு ஊசி போடுவார். முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவார்.

ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மருந்தும் உண்டு. அதன் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்களுக்குத் தரும் அதே மருந்துதான். விலை குறைவு. இந்தியா உள்பட 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2010இல் வெளியானது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர்ச்சாவு குறைகிறது என்று தெரிந்தது. பிந்திக் கொடுத்தால் பயன் இல்லை.

அதன்பிறகு ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ், முடிந்தால் ஹெலிகாப்டர். சமவெளியில் இது எளிது. மலையில் அப்படி இல்லை. 1999இல் கார்கில் போர் மிக உயரமான மலைகளில் நடந்தது. 527 இந்திய வீரர்கள் உயிர் இழந்தார்கள். 1,300க்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். செங்குத்தான சரிவுகளில் காயம்பட்டவரைத் தோள்மாற்றித் தோள்மாற்றித்தான் இறக்க முடியும். பகலில் இறக்கினால் எதிரியின் கண்ணில் படும் இடங்களில் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே உடம்பைக் கெடுப்பதில் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

பாதியில் நிறுத்தும் ஆபரேஷன்

சண்டை நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அறுவை நிலையம் அமைப்பார்கள். கூடாரமாக இருக்கலாம். மண்ணுக்குள் வெட்டிய அறையாகவும் இருக்கலாம். நம் அறுவை மருத்துவர் அங்கேதான் இருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவரும், பயிற்சி பெற்ற உதவியாளர்களும் அவருடன் இருப்பார்கள். மின்சாரம் ஜெனரேட்டரில் வரும்.

வயிற்றில் குண்டு பாய்ந்த ஒருவர் வருகிறார். ஈரல் கிழிந்திருக்கிறது. குடலில் நான்கு ஓட்டைகள். நகரத்து ஆஸ்பத்திரியாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரிசெய்யப் பார்ப்பார்கள். நான்கு மணி நேரம் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். ஆனால் நிறைய ரத்தம் போனவரின் உடம்பு அவ்வளவு நேரம் தாங்காது.

ஏன் தாங்காது? ரத்தம் குறைந்தால் உடம்பு சில்லிட்டுப் போகும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும். ரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறும். அதனால் உறைவது மேலும் கெடும். செக்கு மாடு போல மூன்றும் ஒன்றையொன்று சுற்றிவரும். இந்தச் சுற்றில் சிக்கியவர் மேசையிலேயே இறந்துபோவார். ஆபரேஷன் நன்றாக நடந்தும் ஆள் பிழைக்கவில்லை என்று ஆகிவிடும்.

அதனால் பட்டாளத்து அறுவை மருத்துவர் வேறு மாதிரி செய்கிறார். ரத்தம் கசியும் ஈரலைச் சுற்றிப் பஞ்சுத்துணி வைத்து அடைக்கிறார். குடல் ஓட்டைகளிலிருந்து அழுக்கு சிந்தாதபடி கட்டிவிடுகிறார். அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். வயிற்றை முழுவதும் தைப்பதுகூட இல்லை. தற்காலிகமாக மூடி வைக்கிறார். உடம்பைச் சூடாக்கி, ரத்தம் ஏற்றி, பின்னால் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். ஒன்றிரண்டு நாள் கழித்து அங்கே மீதி வேலை நடக்கும்.

1993இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர டாக்டர்கள் இந்த முறையை விளக்கி எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கப்பல் படையிலிருந்து வந்தது. கடலில் கப்பலுக்கு ஓட்டை விழுந்தால் அங்கேயே முழுதாகப் பழுது பார்க்க மாட்டார்கள். ஓட்டையை அடைத்து, தீயை அணைத்து, எப்படியாவது துறைமுகம் கொண்டு சேர்ப்பார்கள். அதுபோல இதையும் சேதக் கட்டுப்பாட்டு அறுவை என்று சொல்கிறார்கள்.

இன்னொரு பாடம் கேட்பதற்கு வினோதமாக இருக்கும். போர்க்காயத்தை முதல் நாள் தைக்கக் கூடாது! குண்டு உள்ளே போகும்போது சட்டைத் துணி, மண், அழுக்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. சுற்றியிருக்கும் சதையும் செத்துப்போகிறது. அதை மூடித் தைத்தால் உள்ளே கிருமி பெருகிச் சதை அழுகும். எனவே செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். காயத்தை நன்றாகக் கழுவுவார்கள். திறந்தே வைத்து மேலே கட்டுவார்கள். சீழ் இல்லை என்று தெரிந்த பிறகு, நான்கைந்து நாள் கழித்துத்தான் தையல் போடுவார்கள். முகம் போன்ற சில இடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. முதல் உலகப் போரில் எத்தனையோ பேர் இறந்த பிறகு டாக்டர்களுக்குப் புரிந்த விஷயம் இது. இளம் டாக்டர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எளிதில்லை. அழகாகத் தைத்து முடிக்கத்தானே அவர்கள் படித்தார்கள்!

யாரை முதலில்?

ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் யாரை முதலில் மேசையில் படுக்க வைப்பது? மேசை ஒன்றுதான். டாக்டரும் ஒருவர்தான்.

சத்தம் போட்டு அழுபவரை அல்ல. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் வெளிறிப்போய்க் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதவியையும் பார்க்கக் கூடாது. 200 ஆண்டுகளுக்கு முன்பு நெப்போலியனின் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பதவி எதுவானாலும் மோசமான காயம் உள்ளவருக்கே முதல் சிகிச்சை என்று அவர் விதி செய்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு கொடுமையான பக்கமும் இருக்கிறது. என்ன செய்தாலும் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கு நான்கு மணி நேரம் செலவழித்தால், பிழைக்கக் கூடிய மூன்று பேர் இறந்துபோவார்கள். அவருக்கு வலி தெரியாமல் மருந்து கொடுத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, டாக்டர் அடுத்தவரிடம் போக வேண்டும். கையில் கத்தி பிடிப்பதைவிட இது கஷ்டமான வேலை. பின்னால் வரும் வருடங்களில் பல டாக்டர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான்.

காயம்பட்டவர் எதிரியாக இருந்தால்? அவருக்கும் சிகிச்சை உண்டு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் அப்படிச் சொல்கின்றன. இந்தியா அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. செஞ்சிலுவை அடையாளம் உள்ள ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது. அங்குள்ள டாக்டரும் காயத்தை மட்டுமே பார்க்க வேண்டும், சீருடையைப் பார்க்கக் கூடாது.

1971 போரில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியப் படையின் கூர்க்கா பிரிவில் இயன் கார்டோசோ என்ற மேஜர் இருந்தார். இன்றைய வங்காளதேசத்தில் அவர் கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டார். வலிக்குக் கொடுக்க மருந்து இல்லை. சிதைந்த காலைக் கூர்க்காக் கத்தியால் அவரே வெட்டிக்கொண்டார். பிறகு அவருக்கு முறையாக ஆபரேஷன் செய்தவர் யார் தெரியுமா? சிறைப்பிடிக்கப்பட்டிருந்த பாகிஸ்தான் ராணுவ அறுவை மருத்துவர், மேஜர் முகம்மது பஷீர். கார்டோசோ பின்னாளில் செயற்கைக் காலுடன் ஒரு பட்டாலியனுக்கே தலைமை தாங்கினார். மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தார்.

எப்படிச் சேர்வது?

மகாராஷ்டிரத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கே ராணுவத்துக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு. அது 1948இல் தொடங்கியது. 1962 முதல் அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பு நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் இந்திய மாணவர்களுக்கு 145 இடங்கள். அவற்றில் 30 இடங்கள் பெண்களுக்கு.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். அதன் அடிப்படையில் சிலரை மட்டும் புனேவுக்கு அழைப்பார்கள். அங்கே ஆங்கிலத்திலும் யோசித்து விடை காணும் திறனிலும் இன்னொரு தேர்வு வைப்பார்கள். நேர்காணல் உண்டு. உடல் பரிசோதனையும் உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த ஆங்கிலத் தேர்வில் தடுமாறலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் படித்து வந்தால் அந்தத் தடை கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவக் கல்லூரியில் எவ்வளவு பணம் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். ஆனால் இலவசம் என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. படித்து முடித்ததும் ராணுவத்தில் வேலை செய்தே ஆக வேண்டும். குறுகிய காலப் பணி என்றாலும் 7 ஆண்டுகள். பாதியில் விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும். சியாச்சினுக்குப் போ என்றால் போக வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தபோது வந்துவிட முடியாது. சிகிச்சை செய்யும் இடத்திலேயே குண்டு விழலாம். இதையெல்லாம் பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி, தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு. ஆஸ்பத்திரியில் பயிற்சி ஓர் ஆண்டு. அதன்பின் ராணுவ அதிகாரியாகிறார். லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் மையத்தில் பட்டாள வாழ்க்கைக்கான பயிற்சி பெறுகிறார். பிறகு படைப்பிரிவு டாக்டராகச் சில ஆண்டுகள் எல்லையில் இருக்கிறார். பாறை மறைவில் இருந்த அந்த இளைஞர் ஞாபகம் இருக்கிறதா? அவர்தான் இவர்.

அறுவை மருத்துவராக வேண்டும் என்றால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.எஸ். என்ற அறுவைப் படிப்பு மூன்று ஆண்டு. புனேவிலும் வேறு பெரிய ராணுவ ஆஸ்பத்திரிகளிலும் அதைப் படிக்கலாம். எல்லாம் முடியும்போது வயது முப்பதை ஒட்டியிருக்கும். விபத்துக் காயத்துக்கென்றே இன்னும் மேலே படிக்க விரும்பினால் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அதற்கான உயர் படிப்பு இருக்கிறது. ஆனால் நம் ராணுவத்தில் பெரும்பாலும் பொது அறுவை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்துதான் போர்க்காயங்களைப் பார்க்கிறார்கள்.

புனேவில் இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டரும் குறுகிய காலப் பணியில் ராணுவத்தில் சேரலாம்.

பெண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. 2024 அக்டோபரில் டாக்டர் ஆர்த்தி சரீன் முப்படை மருத்துவப் பணிகளுக்குத் தலைமை இயக்குநர் ஆனார். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அவரும் புனே கல்லூரியில் படித்தவர்தான்.

போர் இல்லாத நாட்களில்

போர் தினமும் நடப்பதில்லை. நடக்கவும் வேண்டாம். ஆனால் அதனால் அறுவை மருத்துவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அமைதிக் காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் குடலிறக்கம், குடல்வால், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்கு ஆபரேஷன் செய்கிறார். குண்டடிக் காயம் அரிதாகத்தான் வரும். செய்யாத வேலையைக் கை மறந்துவிடும். அடுத்த சண்டை வரும்போது பழைய பாடங்களை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். உலகத்தின் பல ராணுவங்களில் இப்படி நடந்திருக்கிறது.

அதனால் காயம்பட்டவர்கள் அதிகம் வரும் இடங்களுக்கு மருத்துவர்களை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஸ்ரீநகரில் உள்ள 92ஆம் ராணுவ ஆஸ்பத்திரி இப்படிப்பட்ட இடம். கார்கில் காயங்களை மிக அதிகமாகக் கண்ட ஆஸ்பத்திரிகளில் ஒன்று.

போர்க்களத்துக்கு வெளியிலும் இந்தக் குழுக்களுக்கு வேலை இருக்கிறது. அதற்கு ஒரு பிரிவின் கதையைச் சொல்லலாம். அது 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு. 1950இல் கொரியாவில் போர் மூண்டபோது இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை. இந்தப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் ஒரு தமிழர். பாராசூட்டில் முதன்முதலில் குதித்த இந்திய வீரர்களில் ஒருவர்.

அந்த ஆண்டு டிசம்பரில் பியோங்யாங் நகரிலிருந்து எல்லாப் படைகளும் பின்வாங்கின. ஆபரேஷன் சாமான்களை ஏற்ற இவர்களுக்கு வண்டி இல்லை. விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. சாமான் இல்லாத டாக்டரால் என்ன பயன்? தேடிப் பார்த்தபோது ஒரு பழைய ரயில் எஞ்சினும் சில பெட்டிகளும் கிடைத்தன. சாமான்களை ஏற்றினார்கள். தாங்களே எஞ்சினை ஓட்டினார்கள். ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் கடந்துவிட்டார்கள். 1951 மார்ச்சில் இந்தப் பிரிவின் ஒரு சிறு குழு, அமெரிக்கப் படையோடு சேர்ந்து விமானத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே சிகிச்சை செய்தது. 1954 வரை கொரியாவில் இருந்த இந்தப் பிரிவு வீரர்களும் பொதுமக்களுமாகச் சுமார் 2 லட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

2023 பிப்ரவரியில் துருக்கி நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அப்போதும் இந்தப் பிரிவே போனது. டாக்டர்கள், உதவியாளர்கள் எல்லாம் சேர்த்து 99 பேர். ஆக்ராவிலிருந்து விமானத்தில் ஏறி, இஸ்கெந்தெருன் என்ற ஊரில் 30 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி அமைத்தார்கள். ஆபரேஷன் அறை, எக்ஸ்ரே எல்லாம் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். இடிபாட்டில் நசுங்கிய கால்களோடு ஆட்கள் வந்தார்கள். மொழி தெரியாது. யாரை முதலில் பார்ப்பது, எந்தக் காயத்தைத் தைக்காமல் விடுவது என்பது மட்டும் தெரியும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்துவிட்டு அந்த மாதமே ஊர் திரும்பினார்கள்.